டாக்டருக்காகக் காத்திருப்பதா, நர்ஸ் பிராக்டிஷனரிடம் சேர்வதா?

கேள்வி:

பல ஆண்டுகளாக எங்கள் குடும்பத்தைப் பார்த்துவந்த டாக்டர் ஓய்வு பெற்றுவிட்டார். அதே கிளினிக்கில் உள்ள நர்ஸ் பிராக்டிஷனர், அதாவது கூடுதலாகப் படித்துத் தாமே சிகிச்சை தரும் செவிலியர், எங்களை இப்போதே சேர்த்துக்கொள்வார் என்கிறார்கள். டாக்டர்தான் வேண்டுமென்றால் காத்திருப்போர் பட்டியலில் பெயர் கொடுக்கலாம். எத்தனை மாதம் ஆகும் என்று சொல்ல முடியாதாம். எனக்கு வயது 54. எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் இருக்கின்றன. மகளுக்கு 15 வயது, நலமாக இருக்கிறாள். எங்களோடு இருக்கும் என் அம்மாவுக்கு 79 வயது. இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின், கால் வீக்கத்துக்கு நீர் மாத்திரை, சிறுநீரை அடக்க முடியாததற்கு ஆக்ஸிபியூட்டினின், தூக்கத்துக்கு ஒன்று எனத் தினமும் ஒன்பது மாத்திரைகள் சாப்பிடுகிறார். இப்போதெல்லாம் மறதியும் அதிகமாகியிருக்கிறது. "நர்ஸிடம் காட்டுவதைவிடக் காத்திருந்து டாக்டரிடம் காட்டுவதே மேல்" என்கிறார் என் கணவர். நாங்கள் என்ன செய்வது? அம்மா கடந்த நான்கு மாதங்களில் 58 கிலோவிலிருந்து 53 கிலோவுக்கு இளைத்துவிட்டார். வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிட்டோம்.

— வாசகி ஒருவர்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில் இருப்பது உங்கள் கேள்வியைவிட அவசரமானது. தானாக முயன்று இளைக்காத ஒருவருக்கு ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களுக்குள் உடல் எடையில் ஐந்து விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால் அதற்குக் காரணம் தேட வேண்டும் என்பது மருத்துவத்தில் பொதுவாகப் பின்பற்றப்படும் அளவுகோல். உங்கள் அம்மாவுக்கு நான்கே மாதங்களில் ஏறத்தாழ ஒன்பது விழுக்காடு குறைந்திருக்கிறது. இதற்குக் காரணம் பொருந்தாத பல்செட்டாகவோ, மனச்சோர்வாகவோ, தைராய்டாகவோ, ஏதேனும் ஒரு மாத்திரையாகவோ இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம். கடிதத்தைப் படித்து எதுவென்று சொல்ல முடியாது. ஆனால் வயதின் கணக்கில் எழுதிவிட்டுப் பேசாமல் இருக்க முடியாது என்று மட்டும் சொல்ல முடியும். இந்த வாரமே அவரை யாராவது நேரில் பார்த்து, உடலைச் சோதித்து, இரத்தப் பரிசோதனைகளுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த ‘யாராவது’ நர்ஸ் பிராக்டிஷனராக இருப்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

டாக்டரா நர்ஸ் பிராக்டிஷனரா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்குக் கிடைத்திருக்கும் வழிகளோ வேறு: இன்றைக்கே ஒரு நர்ஸ் பிராக்டிஷனர், அல்லது நாள் தெரியாமல் வெறுங்கையோடு காத்திருத்தல். இந்த இரண்டையும் எடைபோட்டால், சர்க்கரை நோயுள்ள உங்களுக்கும் எடை குறைந்துவரும் உங்கள் அம்மாவுக்கும் காத்திருத்தல்தான் எல்லாவற்றிலும் மோசமான வழி. நான் ஒரு குடும்ப மருத்துவர். நர்ஸ் பிராக்டிஷனர்களோடு ஒரே கூரையின் கீழ் வேலை செய்பவன். என் தொழிலை விட்டுக்கொடுத்துப் பேசுவதாக யாரும் நினைக்க வேண்டாம். டாக்டரின் நீண்ட பயிற்சிக்குத் தனி மதிப்பு இருக்கிறது. அது எந்த இடத்தில் பயன் தருகிறது, எந்த இடத்தில் பெரிய வித்தியாசம் செய்வதில்லை என்று பிரித்துப் பார்ப்பதுதான் உங்களுக்கு உதவும்.

உங்கள் கணவரின் ஐயத்தை முதலில் பார்ப்போம். மருத்துவமனை வார்டில் ஊசி போட்டு, காய்ச்சல் பார்த்துவிட்டுப் போகும் செவிலியரை மனத்தில் வைத்துக்கொண்டு அவர் பேசுகிறார் என்று நினைக்கிறேன். நர்ஸ் பிராக்டிஷனர் என்பவர் செவிலியராகப் பட்டமும் பதிவும் பெற்று, அதற்குமேல் முதுகலைப் படிப்போ முனைவர் நிலைப் படிப்போ முடித்து, நோயைக் கண்டறியவும் பரிசோதனைகளுக்கு எழுதவும் மருந்து பரிந்துரைக்கவும் உரிமம் பெற்றவர். இந்தப் பணி நேற்று முளைத்ததும் அல்ல. 1965இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்ட் என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து, டாக்டர்கள் போதாத இடங்களில் குழந்தைகளைக் கவனிப்பதற்காக முதல் பயிற்சியைத் தொடங்கினார்கள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நர்ஸ் பிராக்டிஷனர்களே தலைமையேற்று நடத்தும் கிளினிக்குகள் இருக்கின்றன. அவற்றில் முதலாவது 2007இல் சட்பரி நகரில் திறக்கப்பட்டது.

பயிற்சியின் அளவில் இருவரும் சமமா என்றால், இல்லை. அமெரிக்காவில் குடும்ப மருத்துவராக வர நான்கு ஆண்டு மருத்துவக் கல்லூரிப் படிப்புக்குப் பின் மூன்று ஆண்டுகள் ரெசிடென்சி என்ற முழுநேரப் பயிற்சி வேண்டும். கனடாவில் அந்தப் பயிற்சி இரண்டு ஆண்டுகள். வாரத்துக்கு 80 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று அமெரிக்காவில் வரம்பு வைக்க வேண்டியிருந்தது என்பதிலிருந்தே அந்தக் காலம் எப்படிப்பட்டது என்று ஊகிக்கலாம். நர்ஸ் பிராக்டிஷனர் கல்விக்கான 2022ஆம் ஆண்டு அமெரிக்கத் தரநிலையோ குறைந்தபட்சம் 750 மணி நேரம் நோயாளிகளை நேரடியாகக் கவனித்திருக்க வேண்டும் என்கிறது. செவிலியராக வேலை பார்த்த ஆண்டுகள் இதற்கு வெளியே இருக்கின்றன. சிலருக்கு அது பதினைந்து ஆண்டு தீவிர சிகிச்சைப் பிரிவு அனுபவமாக இருக்கும், சிலருக்கு ஓரிரு ஆண்டுகள்கூட இராது. ஆகவே நர்ஸ் பிராக்டிஷனர்களிடையே ஒருவருக்கொருவர் உள்ள வித்தியாசம் அதிகம். கூச்சப்படாமல் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: எத்தனை ஆண்டாக இந்தப் பணியில் இருக்கிறார், அதற்கு முன் எந்தப் பிரிவில் செவிலியராக இருந்தார், கிளினிக்கில் அவர் கலந்தாலோசிக்கும் டாக்டர் யார்.

இந்தப் பயிற்சி வித்தியாசம் நோயாளியின் உடல்நலத்தில் தெரிகிறதா என்பதை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான ஆய்வு ஒன்றில், நியூயார்க்கில் 1,316 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரை டாக்டர்களிடமும் மற்றவர்களை நர்ஸ் பிராக்டிஷனர்களிடமும் அனுப்பினார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது இரு தரப்பினரின் உடல்நிலையிலும் வித்தியாசம் காணப்படவில்லை. 2018இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு இதுபோன்ற 18 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, முதல்நிலைச் சிகிச்சையில் செவிலியர்கள் தரும் பராமரிப்பின் பலன் டாக்டர்கள் தருவதற்கு நிகராகவோ சற்று மேலாகவோ இருக்கலாம் என்ற முடிவுக்கு வந்தது. செவிலியர்கள் நோயாளியோடு கூடுதல் நேரம் செலவிடுகிறார்கள் என்பதும் அதில் தெரிந்தது. மறுபுறம், அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளை ஆராய்ந்து 2022இல் வெளியான பொருளாதார ஆய்வு ஒன்று, அங்கே நர்ஸ் பிராக்டிஷனர்கள் பார்த்த நோயாளிகளுக்கு அவசரப் பிரிவில் தங்கும் நேரமும் தவிர்த்திருக்கக்கூடிய மருத்துவமனை அனுமதிகளும் அதிகம் என்று கண்டது. ஆனால் அதே ஆய்வில், எதேச்சையாக ஒரு டாக்டரையும் ஒரு நர்ஸ் பிராக்டிஷனரையும் ஜோடி சேர்த்துப் பார்த்தால் 38 விழுக்காடு ஜோடிகளில் நர்ஸ் பிராக்டிஷனரே மேலாக இருந்தார் என்ற செய்தியும் இருக்கிறது. டாக்டர்களின் சங்கங்கள் ஒரு வகை ஆய்வையும் செவிலியர் சங்கங்கள் மற்றொரு வகை ஆய்வையும் கையில் வைத்துக்கொண்டு பல ஆண்டுகளாக வழக்காடி வருகின்றன. அந்த வழக்கில் நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை.

கவனிக்க வேண்டியது, இந்த ஆய்வுகள் எதை அளந்தன என்பதைத்தான். முதல்நிலைச் சிகிச்சை ஆய்வுகளில் பெரும்பாலும் அளக்கப்பட்டவை பெயர் தெரிந்த நோய்கள்: இரத்த அழுத்தம், சர்க்கரை, ஆஸ்துமா போன்றவை. இன்ன நோய் என்று முடிவாகிவிட்ட பிறகு அதைக் கட்டுக்குள் வைத்திருக்கப் பொறுமையும் ஒழுங்கும் விடாத கண்காணிப்பும் வேண்டும். அதில் நல்ல நர்ஸ் பிராக்டிஷனர் எந்த டாக்டருக்கும் சளைத்தவர் அல்லர். இன்னும் பெயர் சூட்டப்படாத தொந்தரவுகள் வேறு வகை. நூறு பேருக்குச் சாதாரணமாகவும் ஒருவருக்கு மட்டும் அரிதான நோயின் தொடக்கமாகவும் இருக்கக்கூடிய தலைவலி, ஒன்றோடொன்று சம்பந்தமில்லாதவை போலத் தோன்றும் மூன்று அறிகுறிகள், ஒரு நோய்க்கான மருந்து மற்றொரு நோயை மோசமாக்கும் சிக்கல் ஆகியவற்றில்தான் டாக்டரின் நீண்ட பயிற்சிக்கு உண்மையான வேலை இருக்கிறது. ஆறு மாத ஆய்வில் இவை அகப்படுவது கடினம்.

இந்த எல்லைக்கோட்டை வைத்துக்கொண்டு உங்கள் வீட்டைப் பார்ப்போம்.

உங்களுக்கு நர்ஸ் பிராக்டிஷனரே போதும், இன்றே சேர்ந்துவிடுங்கள். எட்டு ஆண்டுச் சர்க்கரை நோய்க்குச் செய்ய வேண்டியவை எழுதி வைத்த பாடம் போலத் தெளிவானவை. கடந்த சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனை, சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, இல்லாவிட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ஆண்டுதோறும் கண்ணின் விழித்திரையைப் பார்ப்பது, சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று பார்ப்பது, இரத்தத்தில் கிரியேட்டினின், கொழுப்பு, கூடவே ஒவ்வொரு முறையும் இரத்த அழுத்தம். இவற்றோடு கால் பரிசோதனை ஒன்று உண்டு. மோனோஃபிலமென்ட் எனப்படும் நைலான் இழையின் நுனியை உள்ளங்காலிலும் விரல்களின் அடியிலும் வைத்து, இழை வளையும் அளவுக்கு மட்டும் அழுத்துவார்கள். அந்த அழுத்தம் ஏறத்தாழப் பத்து கிராம். நோயாளி கண்ணை மூடிக்கொண்டு, தொடுவது தெரியும்போதெல்லாம் சொல்ல வேண்டும். எந்த இடத்தில் பதில் வரவில்லையோ, அங்கே முள் குத்தினாலும் செருப்பு கடித்தாலும் அவருக்குத் தெரியப்போவதில்லை. காலுறையைக் கழற்றச் சொல்லி இதைச் செய்ய ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் அவசரமாக ஓடும் டாக்டர்களின் அறைகளில் முதலில் விட்டுப்போவது இதுதான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் முறை போகும்போது காலைப் பார்த்துக் கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று உங்கள் நர்ஸ் பிராக்டிஷனர் கேட்டால், நல்லவரிடம் வந்து சேர்ந்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். சிறுநீரகம் பாதிக்கப்பட்டாலோ, இன்சுலின் தொடங்கியும் சர்க்கரை இறங்க மறுத்தாலோ, நெஞ்சில் அழுத்தம் தோன்றினாலோ அடுத்த நிலைக்கு அனுப்ப வேண்டும். குடும்ப மருத்துவரும் அப்போது அதைத்தான் செய்வார்.

மகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தடுப்பூசி, வளர்ச்சி, மாதவிடாய், பரு, தூக்கம் ஆகியவற்றைப் பேச அவளுக்கு நேரம் கொடுத்துக் கேட்பவர் வேண்டும். அந்த வயதில் சில விஷயங்களைத் தாய் பக்கத்தில் இல்லாமல் பேச விரும்புவாள். அதற்கு இடம் கொடுங்கள்.

அம்மாவின் நிலைமை வேறு. அவருடைய மருந்துப் பட்டியலைப் படித்தபோது எனக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. அம்லோடிபின் சாப்பிடுபவர்களில் சிலருக்குக் கணுக்காலில் வீக்கம் வரும். அது அந்த மருந்தின் நன்கு தெரிந்த பக்க விளைவு. வீக்கத்தைத் தனி நோயாக எண்ணி நீர் மாத்திரை கொடுத்தால் சிறுநீர் அடிக்கடி, அவசரமாக வரும். அதைச் சிறுநீர்ப்பையின் கோளாறு என்று எடுத்துக்கொண்டு ஆக்ஸிபியூட்டினின் கொடுத்தால், முதியவர்களுக்கு அது வாய் உலர்வையும் மலச்சிக்கலையும் மறதியையும் குழப்பத்தையும் உண்டாக்கக்கூடும். வாய் உலர்ந்தால் சாப்பாடு இறங்காது. சாப்பாடு இறங்காவிட்டால் எடை குறையும். உங்கள் அம்மாவுக்கு இதுதான் நடந்திருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு மாத்திரைக்கும் தனியே நியாயமான காரணம் இருந்திருக்கலாம். மறதிக்கும் எடைக் குறைவுக்கும் வேறு காரணங்களைத் தேடாமல் விடவும் கூடாது. ஆனாலும் ஒரு மருந்து அடுத்த மருந்தை இழுத்துவரும் இந்தச் சங்கிலி மருத்துவத்தில் பலமுறை கண்டது. யாராவது உட்கார்ந்து, ஒன்பது மாத்திரைகளையும் எந்த ஆண்டு, யார், எதற்காகத் தொடங்கினார்கள் என்ற வரிசையில் வைத்துப் பார்த்தால்தான் அது கண்ணில் படும். தயவுசெய்து இதைப் படித்துவிட்டு நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள்.

ஆகவே அம்மாவுக்கு என் யோசனை இரண்டு படியாக இருக்கிறது. எடைக் குறைவுக்கான முதல்கட்டப் பரிசோதனைகளை, அதாவது இரத்த அணுக்கள், சர்க்கரை, தைராய்டு, சிறுநீரகம், கல்லீரல், கால்சியம், சிறுநீர், மார்பு எக்ஸ்ரே ஆகியவற்றை, நர்ஸ் பிராக்டிஷனர் உடனே தொடங்கட்டும். இதற்காக டாக்டர் வரும்வரை காத்திருப்பதில் பொருளில்லை. அதோடு, அவருடைய கோப்பைக் கிளினிக்கின் டாக்டர் ஒருவரோ முதியோர் மருத்துவரோ ஒருமுறை முழுமையாகப் பார்க்க வேண்டும் என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். ‘உங்கள் மேல் நம்பிக்கை இல்லாமல் கேட்கவில்லை; அம்மாவுக்கு மருந்துகள் அதிகம், காரணம் தெரியாத அறிகுறிகளும் இருக்கின்றன’ என்று சொன்னால் எந்த நல்ல நர்ஸ் பிராக்டிஷனரும் தவறாக நினைக்க மாட்டார். மருந்துகளைச் சீர்செய்வதில் மருந்தாளுநரின் உதவியையும் கேட்கலாம். டாக்டர் கவனிக்கத் தவறும் முரண்பாட்டை மருந்துக்கடையில் கண்டுபிடித்துச் சொன்னதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நீங்களும் அம்மாவும் ஒருவரிடமே போக வேண்டிய கட்டாயமில்லை. அம்மாவின் பெயரை மட்டும் டாக்டருக்கான பட்டியலிலும் வைத்திருக்க முடியுமா என்று கேளுங்கள். சில இடங்களில் நர்ஸ் பிராக்டிஷனரிடம் பதிந்துகொண்டால் காத்திருப்போர் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். சில இடங்களில் எடுக்க மாட்டார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்பே இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

விதிகள் இடத்துக்கு இடம் மாறும். அமெரிக்காவில் ஏறத்தாழப் பாதி மாநிலங்களில் நர்ஸ் பிராக்டிஷனர் தாமாகவே முழுச் சிகிச்சையும் அளிக்கலாம். மற்ற மாநிலங்களில் டாக்டர் ஒருவரோடு ஒப்பந்தமோ மேற்பார்வையோ இருந்தாக வேண்டும். பல தூக்க மாத்திரைகளும் கடும் வலி நிவாரணிகளும் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளில் சேரும் என்பதால், அம்மாவின் தூக்க மாத்திரையைத் தொடர்ந்து எழுத நர்ஸ் பிராக்டிஷனருக்கு அனுமதி உண்டா என்று கேட்டுவிடுங்கள். ஸ்பெஷலிஸ்டிடம் அவரே நேரடியாக அனுப்ப முடியுமா, காப்பீட்டுக்கும் ஓட்டுநர் உரிமத்துக்கும் வேண்டிய மருத்துவப் படிவங்களில் அவருடைய கையெழுத்து செல்லுமா என்பவையும் முன்பே கேட்க வேண்டியவை.

இன்னொரு செய்தியைச் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் டாக்டரா நர்ஸா என்ற பேச்சில் இது மறைந்துவிடுகிறது. நார்வேயில் ஏறத்தாழ 45 லட்சம் பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2022இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே குடும்ப மருத்துவரிடம் 15 ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர்களுக்கு, ஓராண்டு மட்டுமே இருந்தவர்களைவிட இறப்பு வாய்ப்பு ஏறத்தாழ 25 விழுக்காடு குறைவாக இருந்தது. மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நிலையும் அதேபோலக் குறைந்திருந்தது. அது டாக்டர்களைப் பற்றிய ஆய்வுதான். எனினும் நம்மை நெடுங்காலமாக அறிந்த ஒருவர், சென்ற ஆண்டு நாம் எப்படி இருந்தோம் என்பதோடு இன்று இருப்பதை ஒப்பிட்டுப் பார்க்கிறார் என்ற காரணம் நர்ஸ் பிராக்டிஷனருக்கும் பொருந்தும் என்பது என் கணிப்பு. டாக்டர் பெயரில் பதிந்துகொண்டு, போகும்போதெல்லாம் வேறு வேறு முகத்தைப் பார்ப்பதைவிட, ஒரே நர்ஸ் பிராக்டிஷனரிடம் தொடர்ந்து போவதை நான் விரும்புவேன். அம்மாவின் எடை 58 கிலோவாக இருந்ததைத் தம் கண்ணால் பார்த்த ஒருவர் இருந்திருந்தால், இரண்டாவது மாதத்திலேயே கேள்வி எழுந்திருக்கும். ஆகவே கிளினிக்கில் விசாரிக்கும்போது, உடம்பு சரியில்லாமல் அவசரமாக வந்தால் பதிந்துகொண்டவரையே பார்க்க முடியுமா, எத்தனை நாளில் பார்க்க முடியும் என்பதையும் கேளுங்கள். புதிதாக வரும் டாக்டர் ஓராண்டில் வேறிடம் போய்விடுவாரென்றால் அவருக்காகக் காத்திருந்து பயன் என்ன?

யாரிடம் சேர்ந்தாலும் ஒரு பாதுகாப்பைக் கையில் வைத்திருங்கள். இங்கிலாந்தில் 2025இல் ‘ஜெஸ் விதி’ என்ற ஒன்றை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். ஒரே தொந்தரவுக்காகவோ மோசமாகிவரும் அறிகுறிக்காகவோ நோயாளி மூன்றாம் முறை வந்தால், அதுவரை எண்ணியதை விட்டுவிட்டுப் புதிதாக யோசிக்க வேண்டும் என்பது அதன் சாரம். புற்றுநோய் மிகத் தாமதமாகக் கண்டறியப்பட்டு 27 வயதில் இறந்துபோன ஜெஸ் (ஜெசிகா பிரேடி) என்ற இளம்பெண்ணின் பெற்றோர் போராடிப் பெற்றது அது. டாக்டர்களைக் குறிவைத்து எழுந்த விதி என்பதைக் கவனியுங்கள். பெயருக்குப் பின்னால் எந்தப் பட்டம் இருந்தாலும் மனித மனம் முதலில் தோன்றிய விடையைப் பிடித்துக்கொள்ளும். மூன்றாம் முறை போகும்போது, ‘இது மூன்றாவது முறை, இன்னும் காரணம் தெரியவில்லை, இன்னொருவரின் கருத்தையும் கேட்கலாமா?’ என்று நேராகவே சொல்லுங்கள்.

இனி அம்மாவின் முதல் சந்திப்புக்கு. இரட்டை நேர அப்பாயிண்ட்மென்ட் கேட்டு வாங்குங்கள். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும், டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கியவை உட்பட, அட்டைகளோடு ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். ஓய்வு பெற்ற டாக்டரின் கோப்பு புதியவருக்கு வந்து சேர்ந்ததா என்று இரண்டு நாள் முன்பே தொலைபேசியில் உறுதிசெய்யுங்கள். எடை எந்த மாதம் எவ்வளவு இருந்தது, பசி எப்படி, விழுங்கும்போது சிரமம் உண்டா, மலத்தில் மாற்றமோ இரத்தமோ உண்டா, இரவில் வியர்க்கிறதா, மறதி எப்போது தொடங்கியது, அப்போது புதிதாகச் சேர்த்த மாத்திரை எது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு முன், பரிசோதனை முடிவுகள் எந்த நாளில் வரும், அவற்றை யார் உங்களிடம் சொல்வார், அதற்குள் இரத்த வாந்தியோ மயக்கமோ ஏற்பட்டால் எங்கே போக வேண்டும் என்று கேட்டு, பதிலையும் அதே தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள்.